தென்கரைக் கல்லும் என் வடகரையும்

பதிவு மேசையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர்கள் கொடுத்த துணிப்பையிலிருந்து கட்டுரைச் சுருக்கங்கள் அச்சிட்ட சிறு புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பதினோராம் பக்கத்தில் என் கல் இருந்தது. ஆனால் தலைப்புக்குக் கீழே இருந்தது வேறொருவர் பெயர்.

1997 ஆகஸ்டு, ஆடி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, காலை ஒன்பது பத்து. இதை நான் நினைவிலிருந்து எழுதவில்லை, டைரியைப் பார்த்து எழுதுகிறேன். எங்கள் மாவட்ட வரலாற்றுக் கழகம் ஆண்டு மாநாட்டை எப்போதும் ஆடியில்தான் நடத்தும். ஆவணி பிறந்துவிட்டால் திருவண்ணாமலையில் திருமண மண்டபம் கிடைக்காது. ஆடியில் மண்டபக்காரர்கள் வாங்க வாங்க என்பார்கள். அந்த ஆண்டு மேடைக்குப் பின்னால், ஆனி மாதத்துக் கல்யாணம் ஒன்றின் தெர்மோகோல் இதயம் அப்படியே ஒட்டியிருந்தது. அதன்மேல் கழகத்தின் பேனரைக் கட்டியிருந்தார்கள். இதயத்தின் இரண்டு காதுகள் மட்டும் பேனருக்கு மேலே தெரிந்தன. இரண்டு நாளில் பௌர்ணமி என்பதால் ஊரில் ஒரு லாட்ஜிலும் இடமில்லை. வெளியூர்ப் பேராசிரியர்கள் மணமகள் அறையில் பாய் போட்டிருந்தார்கள்.

எனக்கு அஞ்சலகத்தில் வேலை. ஒவ்வொரு நாள் காலையிலும் தேதி முத்திரையைத் திருத்தி, வெற்றுத்தாளில் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்பேன். வரலாற்றில் எனக்கு ஆர்வம் வந்ததும் இந்தத் தேதிப் பழக்கத்தால்தான். மாவட்டம் பிரிந்த மறு ஆண்டு கழகம் தொடங்கியது. அன்று முதல் ஒரு மாநாட்டைக்கூட விட்டதில்லை. ஆனால் எல்லா ஆண்டும் பார்வையாளன்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து, கட்டுரை படிப்பவர்கள் சொல்லும் ஆண்டுகளைக் குறித்துக்கொள்வேன். தவறாகச் சொன்னால் கை தூக்குவேன். "தேதி சார் வந்துட்டாரு, வாய்க்கு வந்த வருஷத்தச் சொல்லாதீங்க" என்று மேடையிலேயே கிண்டல் செய்வார்கள்.

அந்த ஆண்டுதான் முதல்முறையாக நானே கட்டுரை கொடுத்திருந்தேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்து ஏரி மதகை ஒட்டிய நிலத்தில் இடுப்பளவு உயரக் கல் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதில் பத்துப் பன்னிரண்டு வரி எழுத்து. ஏரியைத் தூர்வாரி மதகு கட்டியவர்களைப் பற்றியது. அதுவரை யாரும் அதைப் பற்றி அச்சில் எழுதியதில்லை என்று நம்பினேன். எங்கள் உலகில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கல்லைப் பற்றி முதலில் யார் கட்டுரை படித்து, அது மாநாட்டுத் தொகுப்பில் அச்சாகிறதோ, அந்தக் கல்லுக்கு அவர்தான் முதலில் அறிவித்தவர். பிறகு நூறு வருடம் கழித்து யார் எழுதினாலும் அடிக்குறிப்பில் அந்தப் பெயரைப் போட வேண்டும். பணமோ பதவியோ கிடைக்காது. அடிக்குறிப்பில் ஒரு வரி கிடைக்கும். அந்த ஒரு வரிக்காக ஏழு ஆண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது பதினோராம் பக்கத்தில், வெளியூர்க் கல்லூரி ஒன்றின் வரலாற்று விரிவுரையாளர் பெயரில், அதே கிராமம், அதே ஏரி. 'தென்கரையில் உள்ள மதகுக் கல்வெட்டு' என்று தெளிவாக இருந்தது. கல்வெட்டு அமர்வில் மதிய உணவுக்கு முன் கடைசிக் கட்டுரை அவருடையது. உணவுக்குப் பின் முதல் கட்டுரை என்னுடையது.

பக்கத்தில் நின்றிருந்த டிராயிங் மாஸ்டர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர், என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளிக் குடியிருப்பவர். கல்வெட்டுப் படி எடுக்க என்னுடன் வருபவர் அவர்தான். கல்லைத் தண்ணீர் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் பரப்பி, எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி மொத்தி, பிறகு மசியை ஒற்ற வேண்டும். பள்ளங்கள் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் தாளில் இறங்கும். மசிப்படி என்போம். என் கை நடுங்கும். அவர் கை நடுங்காது.

அவர் பார்த்தது பதினோராம் பக்கத்தை அல்ல, பதினான்காம் பக்கத்தில் இருந்த என் சுருக்கத்தை.

"என்ன சார் இது? நம்ம கல்லு தென்கரையிலதான இருக்குது? வடகரைன்னு அச்சாயிருக்கு?"

"அச்சுப்பிழை" என்றேன்.

"ஊர் பேரக்கூடக் காணோம்?"

"இடமில்லாம வெட்டிட்டாங்க போல."

இரண்டுமே பொய். சுருக்கத்தை இரண்டு மாதம் முன்பே கழகச் செயலாளருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த இரண்டு மாதத்தில் யார் கண்ணில் படும், யார் முந்திக்கொண்டு போய்ப் படி எடுப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஊர் பெயர் போடாமல் 'கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் ஓர் ஏரி' என்று எழுதுவது எங்களில் பலரும் செய்வதுதான். நான் ஒருபடி மேலே போய், தென்கரையை வடகரை என்று எழுதினேன். என் சுருக்கத்தைப் பார்த்து யாராவது கட்டுரை எழுதினால் அவர்களும் வடகரை என்றே எழுதுவார்கள், அப்போது கையும் களவுமாகப் பிடிக்கலாம். மேடையில் வாயால் திருத்திக்கொண்டால் போயிற்று. இதை யாரிடமும், மாஸ்டரிடமும்கூட, நான் சொல்லவில்லை.

விரிவுரையாளரோ தென்கரை என்று சரியாக எழுதியிருந்தார்.

தொடக்க விழாவில் யார் யாரோ குத்துவிளக்கு ஏற்றினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் சந்தேகப்பட்டது செயலாளரைத்தான். வக்கீல், நாலு இடத்தில் பழக்கம் உள்ளவர், சுருக்கங்களெல்லாம் அவர் வீட்டு மேசைக்குத்தான் வரும். ஆனால் அவர் காட்டிக் கொடுத்திருந்தால் வடகரை என்றல்லவா போயிருக்க வேண்டும்? என் பொறி அவரை விடுவித்துவிட்டது. தென்கரை என்று தெரிய வேண்டுமானால் நேரில் போயிருக்க வேண்டும், அல்லது நேரில் போனவர் சொல்லியிருக்க வேண்டும். நேரில் போனவர்கள் மூன்றே பேர். நான், நிலக்காரர், மாஸ்டர்.

நிலக்காரரிடம் பிப்ரவரியில் நான் தெளிவாகவே கேட்டிருந்தேன், இதற்கு முன் யாராவது வந்து பார்த்தார்களா என்று. வேர்க்கடலைச் செடிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "யாரும் வரலீங்க சார். நீங்கதான் மொத ஆளு" என்றார். அதை டைரியில் நேரத்தோடு எழுதியிருக்கிறேன்.

மீதி இருப்பது ஒருவர்தான். அப்படி நினைத்த பிறகு எல்லாமே அதற்கேற்றபடி தெரிய ஆரம்பித்தது. அன்று நாங்கள் இரண்டு படி எடுத்தோம். ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்னொன்று சரியாகக் காயவில்லை என்று மாஸ்டர் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். ஆறு மாதமாக அதைப் பற்றிப் பேச்சே இல்லை. காலையில் மண்டப வாசலில் அந்த விரிவுரையாளர் ஆட்டோவிலிருந்து இறங்கியதும், மாஸ்டர் ஓடிப்போய்க் கும்பிட்டார். "பொண்ணு நல்லாப் படிக்குதா?" என்று விரிவுரையாளர் கேட்டது என் காதில் விழுந்தது. மாஸ்டரின் சின்ன மகள் அந்தக் கல்லூரியில்தான் படிக்கிறாள். காலையில் அதைக் கேட்டபோது ஒன்றும் தோன்றவில்லை. பதினோரு மணிக்கு அது ஒரு சாட்சியம் ஆகிவிட்டது.

விரிவுரையாளர் கட்டுரை படித்தார். நன்றாகவே படித்தார், அது என் வயிற்றெரிச்சலைக் கூட்டியது. "அண்மையில் மேற்கொண்ட களப்பணியின்போது" என்று ஆரம்பித்தார். அண்மையில் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அண்மையில் என்றால் என்றைக்கு? கை தூக்கிக் கேட்டிருக்கலாம். அந்த அவையில் அப்படிக் கேட்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். ஆனால் கேட்டால் பதில் என்னவாக இருக்கும், அது யாரைக் காட்டிக் கொடுக்கும் என்ற பயத்தில் கை எழவில்லை. பத்து நிமிடம் முடிந்ததும் செயலாளர் மணி அடித்தார். கைதட்டினார்கள். மாஸ்டரும் தட்டினார். அதையும் பார்த்துக்கொண்டேன்.

மண்டபத்தின் பக்கவாட்டில், தூணுக்குத் தூண் நைலான் கயிறு கட்டி, அன்று பேசப்படும் கல்வெட்டுகளின் மசிப்படிகளைத் துணி உலர்த்தும் கிளிப்புகளில் தொங்கவிட்டிருந்தார்கள். விரிவுரையாளரின் படி மூன்றாவதாகத் தொங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் படியேதான். நான் கிட்டே போகவில்லை. கிட்டே போய்ப் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

சாப்பாட்டு வரிசையில் மாஸ்டர் எனக்கு முன்னால் நின்றார். பாக்குமட்டைத் தட்டை எனக்கும் ஒன்று எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"மாஸ்டர், அந்த ரெண்டாவது படி எங்க இருக்குது?"

"எந்தப் படி?"

"பிப்ரவரியில எடுத்தது. காயலைன்னு எடுத்துட்டுப் போனீங்களே."

"வீட்ல பீரோ மேல சுருட்டி வச்சிருக்கேன். வேணுமா? சாயந்திரம் கொண்டாரேன்."

"பீரோ மேல இருக்குதா, இல்ல அங்க கயித்துல தொங்குதா?"

அவருக்கு உடனே புரியவில்லை. திரும்பிக் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியைத் தூக்கியபடி நின்றார். பின்னாலிருந்த ஒரு தமிழாசிரியர், "நவுருங்க சார், சண்டைய அந்தாண்ட போயிப் போடுங்க, பசிக்குது" என்றார்.

"என்ன சொல்றீங்க சார் நீங்க?" என்று மாஸ்டர் கேட்டார். குரல் உயரவில்லை.

"உங்க பொண்ணு அவரு காலேஜ்லதான படிக்குது?"

"ஆமா."

"அவருக்கு அந்தக் கல்லு எப்படித் தெரியும்? நான் சொல்லல. நிலக்காரரு சொல்லல. அப்ப யாரு?"

மாஸ்டர் தட்டை மேசையில் வைத்தார். அதில் அப்பளம் மட்டும் இருந்தது.

"சார், முப்பது வருஷம் பசங்களுக்குப் பானைய வரையக் கத்துக் குடுத்தவன் நான். ஒருத்தன் வரைஞ்சத இன்னொருத்தன் பாத்து வரைஞ்சா, பாத்தவுடனே புடிச்சுடுவேன். நீங்க அந்தப் படியக் கிட்ட போயிப் பாத்தீங்களா?"

"பாக்கல."

"பாக்காமலே கேக்குறீங்களா? வாங்க."

என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். மூன்றாவது கிளிப்புக்குக் கீழே நின்று வலது கீழ் மூலையைக் காட்டினார்.

"நம்ம படியில இந்த மூல எப்படி இருக்கும்?"

உடைந்திருக்கும். எங்கள் படியில் கடைசி இரண்டு வரிகளின் முடிவு இல்லை, அந்த இடத்தில் தாள் வெறும் கறுப்புத் திட்டாகச் சுருங்கியிருக்கும். தொங்கிய படியில் மூலை முழுசாக இருந்தது. மாதக்கணக்காக நான் யூகித்துக்கொண்டிருந்த எழுத்துகள் அங்கே வெள்ளையாக, சுத்தமாக நின்றன.

"ஒடஞ்ச கல்லுல படி எடுத்து ஒடையாத மூலைய எப்படிக் கொண்டாருவேன்? இவங்க எடுத்தப்ப கல்லு முழுசா இருந்திருக்குது. நமக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க. கல்லு எப்ப ஒடஞ்சுது? எனக்கு ஞாபகம் இல்ல. உங்களுக்குத்தான் தேதி தெரியும். சொல்லுங்க."

டைரி பையில் இருந்தது. எடுத்துப் பிப்ரவரிப் பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்தில் இருந்தது: வலது கீழ் மூலை உடைந்துள்ளது, போன ஆடியில் டிராக்டர் கலப்பை பட்டு உடைந்ததாக நிலக்காரர் சொன்னார். அதாவது 1996 ஆடி. விரிவுரையாளரின் 'அண்மையில்' அதற்கும் முந்தியது. எனக்கு ஆறு மாதமாவது முன்னால்.

மாஸ்டர் இன்னும் முடிக்கவில்லை. தாளின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே மசி கெட்டியாகத் தேங்கி, தாளின் விளிம்பைத் தாண்டிப் போயிருந்தது.

"ஒத்தினவன் கத்துக்குட்டி. மசிய ஜாஸ்தியா எடுத்துட்டான். தாளுக்கு வெளிய, கல்லு மேலயே வழிஞ்சிருக்கும். நம்ம கல்லக் கழுவறப்ப இடது பக்கம் கறுப்பா ஏதோ இருந்துச்சே, ஞாபகம் இருக்குதா?"

அதே பக்கத்தில் அடுத்த வரி அதுதான். இடது ஓரம் மேல் இரண்டு வரிகளில் கரும் பிசுக்கு, விளக்கெண்ணெய்ப் புகையாக இருக்கலாம், தேய்த்துக் கழுவப்பட்டது.

விளக்கு எங்கே இருந்தது அந்த வயலில்? ஒரு குங்குமப் பொட்டுக்கூட அந்தக் கல்லில் கிடையாது. யாரும் கும்பிடாத கல்லில் விளக்குப் புகை எப்படி வரும் என்று, எதையும் நம்பாத நான், கேட்காமல் விட்டிருக்கிறேன். முதல் ஆள் நான்தான் என்று நிலக்காரர் சொன்னது காதுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் வந்துபோனதற்கு அந்தக் கல்லில் இருந்த ஒரே அடையாளத்தை, கால் மணி நேரம் நானே உட்கார்ந்து, பிரஷ் போட்டுத் தேய்த்து அழித்திருக்கிறேன். சுத்தமாகத் தேய்த்தேன் என்று பெருமையாக எழுதியும் வைத்திருக்கிறேன்.

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து சுருக்கப் புத்தகத்தை எடுத்துப் பதினான்காம் பக்கத்தை விரித்தார்.

"அந்த வடகரை அச்சுப்பிழைதானா சார்?"

நான் டைரியை மூடிப் பையில் வைத்தேன்.

"காலையிலயே நெனச்சேன். அச்சுல தப்பா வந்தா, நீங்க அந்நேரத்துக்குப் பிரஸ்காரன் சட்டையப் புடிச்சிருப்பீங்க. சும்மா அச்சுப்பிழைன்னு சொல்லிட்டுப் போவீங்களா? யாருக்கு வச்ச கண்ணி இது? எனக்கும் சேத்துத்தானா?"

"எல்லாருக்கும்" என்றேன். அதுதான் உண்மை. ஆனால் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று தெரிந்தது.

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போகாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

மணி ஒன்றரை. இரண்டு மணிக்கு என் கட்டுரை. நேராகச் செயலாளரிடம் போனேன். அவர் பாக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அவரு கல்லும் என் கல்லும் ஒண்ணு. ரெண்டு பேருக்கும் எப்படி இடம் குடுத்தீங்க?"

வக்கீல் மூக்குக் கண்ணாடியை இறக்கி, பதினோராம் பக்கத்தையும் பதினான்காம் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நீங்க ஊர் பேரு போடல. கரையும் வேற போட்டிருக்கீங்க. ஏதோ ஒரு ஏரி, வடக்குக் கரைன்னு எழுதிக் குடுத்தா நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்? சரியாப் போட்டிருந்தா ஜூன்லயே ரெண்டு பேருக்கும் கார்டு எழுதியிருப்பேனே. ரெண்டு பேரும் பேசிச் சேந்து ஒரே கட்டுரையாப் படிங்கன்னு. போன வருஷம் ரெண்டு பேருக்கு அப்படித்தான எழுதினேன்? அந்தக் கார்டு உங்க ஜன்னல்லதான் வாங்கினேன்."

"எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்களேன்" என்றேன்.

"சொல்லலாம். ஆனா உங்க உடம்புக்கு என்னன்னு நாலு பேரு கேப்பாங்க. நீங்களே ஏறி என்ன வேணுமோ சொல்லிட்டு எறங்குங்க. பத்து நிமிஷம். மணி அடிச்சுடுவேன்."

யோசிக்க அரை மணி நேரம் இருந்தது. கட்டுரையை அப்படியே படித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். வடகரை என்றே படித்தால் வேறொரு கல் என்று பலர் நினைக்கக்கூடும். கல்லின் வாசகத்தைக் கேட்டதும் விரிவுரையாளருக்குத் தெரிந்துவிடும், ஆனால் அவர் எழுந்து கேட்பாரா? சாதுவான மனிதராகத் தெரிந்தார். அச்சிலும் வடகரை என்றே இருக்கிறது. இல்லாத ஒரு கல்லுக்கு முதலில் அறிவித்தவனாக நான் இருந்துவிட்டுப் போகலாம். இந்த யோசனை எனக்குள் எவ்வளவு நேரம் இருந்தது என்று டைரியில் எழுதவில்லை. இருந்தது என்பதை மட்டும் இப்போது எழுதுகிறேன்.

இரண்டு ஐந்துக்கு மேடை ஏறினேன். கட்டுரையைக் கையிலேயே எடுக்கவில்லை. டைரியை விரித்து, பிப்ரவரிப் பக்கத்தை முழுதும் படித்தேன். மூலை, டிராக்டர், ஆடி, கரும் பிசுக்கு, கழுவியது எல்லாவற்றையும். வடகரை என்று எழுதியது அச்சகத்தின் பிழையல்ல, என்னுடையது, தெரிந்தே செய்தது என்றேன். உணவுக்கு முன் பேசப்பட்ட கல்லும் இதுவும் ஒன்றே, அதை முதலில் படி எடுத்தவர் அவர்தான், அதற்கு என் டைரியே ஆதாரம் என்றேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. மணி அடிக்க வேண்டியிருக்கவில்லை.

முன்வரிசையில் யாரோ, "தேதி சாரு தன் தேதியையே திருத்திக்கிட்டாரு" என்றார். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெடுதல் இருந்ததா என்று அன்று முழுக்க எடை போட்டேன். இப்போதும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. விரிவுரையாளர் எழுந்து, தன் மாணவர்கள் சென்ற ஆண்டு மே மாதம் எடுத்த படி அது, மூலை பிறகு உடைந்தது தனக்குத் தெரியாது என்று சொல்லி, நன்றி என்று கைகூப்பினார். அந்த நன்றியில் கேலி இருக்கிறதா என்றும் பார்த்தேன். இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு வந்த தொகுப்பில் அந்தக் கல்லுக்கு அவர் பெயர். ஆனால் அடிக்குறிப்பில் எனக்கும் ஒரு வரி கிடைத்தது. கல்வெட்டின் வலது கீழ் மூலை 1996 ஆடியில் சிதைந்ததைத் தெரிவித்தவர் என்று. நூறு வருடம் கழித்து வருபவர்களுக்கு நான் அந்த மூலை உடைந்த மாதத்தைச் சொன்ன ஆள்.

அன்று மேடையிலிருந்து இறங்கியபோது வாசலில் மாஸ்டரைக் காணோம். என் பேச்சைக் கேட்டாரா, அதற்கு முன்பே போய்விட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கீழ்பென்னாத்தூர் பஸ் பிடித்து, அங்கிருந்து வேனில் ஏறித் தனியாக அந்தக் கிராமத்துக்குப் போனேன். வழியெல்லாம் எதிர்ப்பக்கத்து பஸ்கள் கிரிவலத்துக்குப் போகிறவர்களால் பிதுங்கிக்கொண்டு வந்தன. நிலக்காரர் மதகுக்குப் பக்கத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் காலேஜ் பசங்க வந்தாங்களா இல்லியா?" என்று கேட்டேன்.

"வந்தாங்க."

"எங்கிட்ட யாரும் வரலைன்னு சொன்னீங்களே?"

"அவங்க கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அவங்களுக்கு முன்ன ஒருத்தரு சைக்கிள்ல வந்தாரு, அவர்கிட்டயும் நீங்கதான் மொத ஆளுன்னேன்."

"ஏன் அப்படி?"

அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, கரையைக் காட்டினார், பிறகு கல்லைக் காட்டினார், பிறகு தன் கடலைக் கொல்லையைக் காட்டினார். கரைக்கும் கொல்லைக்கும் நடுவே வரப்பு எதுவும் இல்லை.

"கரைலருந்து இவ்ளோ தூரம் ஏரிப் பொறம்போக்கு. எங்க அப்பா காலத்துலருந்து ஓட்டிக்கினு இருக்கோம். கல்லு பொறம்போக்குல நிக்குது. நோட்டு எடுத்துக்கினு, டேப்பு வச்சு அளந்துக்கினு ஆளு வந்தா எனக்கு என்ன தோணும்? ஏற்கெனவே நாலு பேரு வந்தாங்கன்னு சொன்னா நீங்க இன்னும் நாலு பேரக் கூட்டியாருவீங்க. மொத ஆளுன்னு சொன்னா சந்தோசமாப் போயிடுறீங்க."

"நான் போஸ்ட் ஆபீஸ்னு அன்னிக்கே சொன்னேனே?"

"சொன்னீங்க. நெசமான்னு அடுத்த வாரமே டவுனுக்கு வந்து பாத்தேன். உங்க ஜன்னல்ல ஒரு இன்லேண்டு லெட்டர் வாங்கினேன். உங்களுக்கு என்னத் தெரியல."

"பாத்துட்டீங்க இல்ல, நான் போஸ்ட் ஆபீஸ்தான்னு? அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமே?"

"போஸ்ட் ஆபீசும் கவருமெண்ட்டுதான சார்" என்றார்.

சைக்கிளில் வந்தவர் யார், எந்த வருடம் என்று கேட்டேன். தெரியாது என்றார். அதை நான் நம்பவில்லை. ஆனால் திரும்பவும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, நான் விடுப்பில் இருந்தபோது, என் வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. நீளமான பழுப்பு உறை. வாங்கியவர் கையெழுத்துப் போட்டதும் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும் ஒப்புகை அட்டை ஒட்டியிருந்தது. அனுப்பியவர் முகவரியில் மாஸ்டரின் தெரு. மூன்று தெரு தள்ளியிருந்து பதிவுத் தபால். என் ஜன்னலுக்கு வராமல், செங்கம் சாலையில் ஆசிரமம் பக்கத்து அஞ்சலகத்துக்குப் போய்ப் பதிவு செய்திருந்தார். முத்திரையைப் பார்த்தேன். திங்கட்கிழமை, பௌர்ணமி நாள். அன்று அந்தச் சாலையில் நடப்பதற்கே இடம் இருக்காது. வெளிநாட்டுக்காரர்களும் கிரிவலக்காரர்களும் இளநீர் வண்டிகளும் நிறைந்த கூட்டத்தில் புகுந்து இதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

உள்ளே பிப்ரவரியில் எடுத்த இரண்டாவது மசிப்படி, எட்டாக மடித்து இருந்தது. கடிதம் இல்லை. தாளின் பின்பக்கம், உடைந்த மூலை இருக்கும் இடத்தில், டிராயிங் மாஸ்டரின் நேரான பென்சில் எழுத்தில் ஒரே வரி: மூலை உடைந்த பின் எடுத்தது. கீழே நாங்கள் போன தேதி, சரியாக. தேதியெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை என்று எப்போதும் சொல்பவர். எங்கிருந்து எடுத்தார் என்று தெரியவில்லை. அன்றைய பஸ் டிக்கெட்டை வைத்திருந்தாரோ என்னவோ.

தபால்காரர் வாசலில் காத்திருந்தார். என்னுடன் வேலை செய்பவர். "என்ன சார், பக்கத்துத் தெருவுலருந்து ரிஜிஸ்டர் தபாலு? ஏதாச்சும் கேசா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

"அப்ப கையெழுத்துப் போடுங்க. தேதியும் போடணும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

ஒப்புகை அட்டையில் பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தேதி போடும் இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. என் வாழ்நாளில் தேதி எழுத யோசித்தது அந்த ஒரு தடவைதான். பிறகு எழுதினேன். அந்தச் சின்ன அட்டையில் வேறு எதுவும் எழுத இடமில்லை. இருந்த கொஞ்ச இடத்தில், கையெழுத்துக்குக் கீழே, தென்கரை என்று எழுதிக் கொடுத்தேன். தபால்காரர் படித்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.